கம்பி நகர்ந்து வரவில்லை



ஹெலிகாப்டர் விபத்து என்றதும் நாம் முதலில் சொல்வது, "காற்று சரியில்லை." அடுத்தது, "கடவுள் காப்பாற்றினார்." இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

2017 மே 25, மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்தில் நிலங்கா என்ற ஊர். அன்றைய முதலமைச்சர் தேவேந்திர ஃபட்னவிஸ் ஏறிய சிகோர்ஸ்கி ஹெலிகாப்டர் சுமார் 80 அடிதான் எழும்பியது. காற்றின் போக்கு மாறியதால் விமானி மீண்டும் தரையிறக்க முயன்றார். மின்கம்பியில் சிக்கி, கீழே நின்ற லாரியில் மோதி விழுந்தது. உள்ளே இருந்த ஆறு பேரும் உயிர் தப்பினார்கள். நல்லது. ஆனால் "எல்லாம் ஆசீர்வாதம்" என்று சொல்லி நாடே அடுத்த செய்திக்குப் போய்விட்டது.

காற்று அன்றைக்கு மாறியது, சரி. அந்தக் கம்பியும் அன்றைக்குத்தான் வந்ததா?

அறிவியல் ரொம்ப எளிது. தரைக்கு அருகே இருக்கும்போது, இறக்கை கீழே தள்ளும் காற்றைத் தரை தடுத்துத் தாங்கல் தருகிறது. மேலே போகப் போக அந்தத் தாங்கல் போய்விடும். முன்னோக்கி வேகம் எடுத்தால்தான் மறுபடி கூடுதல் தூக்குவிசை கிடைக்கும். அப்படி வேகமெடுக்க எதிரே தடையில்லாத வெளி வேண்டும். சுற்றிலும் கம்பியும் கம்பமுமாக இருந்தால் நேர் மேலே ஏறத்தான் வழி. அதற்குத்தான் சக்தி அதிகம் தேவை. மே மாத நண்பகலில், 500 மீட்டருக்கு மேல் உயரமான பீடபூமியில், காற்றின் அடர்த்தியும் குறைவு. ஆள் சுமையும் சேர்ந்தால் என்ன மிஞ்சும்? கணக்கு தெரிந்த யாரும் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

பெரிய மனிதர் தப்பிய கதை நமக்கு நினைவிருக்கிறது. 2019 ஆகஸ்ட் 21 யாருக்காவது நினைவிருக்கிறதா? உத்தராகண்டின் உத்தரகாசி மாவட்டம், மோல்டி. வெள்ள நிவாரணப் பொருள்களை இறக்கிவிட்டுத் திரும்பிய ஹெலிகாப்டர், விளைபொருள் இறக்கக் கட்டியிருந்த கம்பிவடத்தில் சிக்கியது. மூன்று பேரும் இறந்தார்கள். இரண்டே நாளில் அதே பகுதியில் இன்னொரு நிவாரண ஹெலிகாப்டர், அதே மாதிரிக் கம்பியால் அவசரமாகத் தரையிறங்க நேர்ந்தது. அவர்களுக்கு ஆசீர்வாதம் போதவில்லை என்பீர்களா?

"விமானி பார்த்து ஓட்ட வேண்டாமா?" என்று கேட்பார்கள். மேலிருந்து பார்த்தால் கம்பம் தெரியும். வெயிலில் கம்பி தெரியாது. அதைத் தரையில் நிற்பவன்தான் சொல்ல வேண்டும். "மின்சாரத்தை நிறுத்திவிட்டோமே" என்பார்கள். மின்சாரம் இல்லாத கம்பியும் இறக்கையில் சுற்றிக்கொள்ளும்.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. கம்பியைக் கழற்ற வேண்டும், அல்லது இடத்தை மாற்ற வேண்டும். மலைப்பகுதி வடங்களில் தூரத்திலிருந்தே தெரியும்படி வண்ண உருண்டைகள் கட்ட வேண்டும். ஆளைக் குறைக்க வேண்டும், வெயிலுக்கு முன் கிளம்ப வேண்டும். "இந்த இடம் ஆகாது" என்று சொல்பவரை, வருகிறவர் யாராக இருந்தாலும், மிரட்டக் கூடாது.

உங்களில் சிலர் வருவாய்த்துறையில் இருக்கிறீர்கள். சிலர் மின்வாரியத்தில், பொதுப்பணித்துறையில். தேர்தல் வந்தால் ஏதோ ஒரு பள்ளி மைதானத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, "எல்லாம் சரி" என்று கையெழுத்துப் போடும்படி ஒரு தாளை நீட்டுவார்கள். வேடிக்கை பார்க்க வேலியோரம் நிற்கப்போவது பிள்ளைகள். வட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். அண்ணாந்து நான்கு பக்கமும் பாருங்கள். கம்பி இருந்தால் "முடியாது" என்று எழுதுங்கள். அதனால் மாற்றல் வந்தாலும் வரட்டும்.