பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

மூத்த பிள்ளை ஒரு பழைய மோட்டார் சைக்கிளைப் பார்த்துவிட்டு வந்து, "அம்மா, பளபளன்னு இருக்கு, விலையும் மலிவு" என்று குதித்தான். சீட்டுப் பணத்தைக் கையில் எடுத்தவள், "முதல்ல ஆர்.சி.யைக் கொண்டாடா" என்றேன்.

2008-ல் பதிவான வண்டி. சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம்தான் செல்லும். பிறகு ஆர்.டி.ஓ. மூலம் வண்டியைப் பரிசோதித்து, 5 வருஷத்துக்கு ஒரு தரம் புதுப்பிக்க வேண்டும். இதற்கு 2023-லேயே கெடு முடிந்திருந்தது, பரிசோதனைக்கே போகவில்லை! கேட்டால், "அதையெல்லாம் யாரும்மா பார்க்கிறாங்க?" என்கிறார் விற்பவர். பெற்றவள் பார்க்க வேண்டாமா? "புதுப்பிச்சுக் கொடுங்க, வாங்கிக்கிறோம்" என்றேன். மனிதர் அப்புறம் வரவேயில்லை.

சகோதரிகளே, பழைய வண்டி வாங்குமுன் இவற்றைப் பாருங்கள்:

* ஆர்.சி. எந்தத் தேதி வரை செல்லும்? 15 வருஷம் தாண்டியிருந்தால் புதுப்பித்திருக்கிறார்களா?
* ஆர்.சி.யில் உள்ள எஞ்சின், சேஸிஸ் நம்பர்கள் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போகின்றனவா?
* இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் நடப்பில் உள்ளனவா?
* வண்டி மேல் கடன் பாக்கி உண்டா?

அரசின் 'பரிவாகன்' இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் பெரும்பாலான விவரம் வீட்டிலிருந்தே தெரிந்துவிடும்.

பிள்ளை ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். இருந்துவிட்டுப் போகட்டும், பிரேக் பிடிக்காமல் விழுந்து கிடப்பதைவிட அது எவ்வளவோ மேல்!