இடம் இரவல்... எழுத்து?

எழுதுவது நாம். எழுதியது யாரிடம் இருக்கிறது? சொந்தமாக வலைப்பூ வைத்திருக்கும் ஒவ்வொரு மாணவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

1990-களில் ஜியோசிட்டீஸ் தந்த இலவச இடத்தில் லட்சக்கணக்கானோர் தங்கள் பக்கங்களை வைத்தார்கள். 1999-இல் யாகூ அதை வாங்கியது. 2009-இல் அமெரிக்காவில் இழுத்து மூடியது. தன்னார்வலர்கள் அவசர அவசரமாகப் பிரதி எடுத்ததால் ஒரு பகுதி தப்பியது. மீதி? போனது போனதுதான்!

"நான் சொந்தமா வேர்ட்பிரஸ்ல வச்சிருக்கேனே!" என்பீர்கள். நல்லது. ஆனால் அங்கே உங்கள் கட்டுரை டேட்டாபேஸுக்குள் கிடக்கிறது. வாசகர் வந்தால் பி.எச்.பி. நிரல் ஓடி, அதைத் தேடி எடுத்து, பக்கமாகக் கோத்துத் தருகிறது. நிரலையும் பிளக்-இன்களையும் அப்டேட் செய்யாமல் விட்டால் திருடனுக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரிதான். மாதம் இரண்டு கட்டுரை எழுத இத்தனை பெரிய மெஷின் எதுக்கு?

மாற்று வழி, ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டர். கிட்ஹப் நிறுவனர்களில் ஒருவரான டாம் பிரெஸ்டன்-வெர்னர் 2008-இல் ஜெக்கிலை உருவாக்கினார்; 2013-இல் ஹியூகோ வந்தது. கட்டுரையைச் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக எழுதுகிறோம். ஒரே ஒரு கட்டளை... எல்லாப் பக்கமும் எச்.டி.எம்.எல். ஆகத் தயார்! அதை எடுத்துக் கொடுப்பது மட்டுமே சர்வரின் வேலை. இந்த மலரும் அப்படித்தானே? ஒருமுறை அச்சாகிறது, எத்தனை பேர் வேண்டுமானாலும் புரட்டலாம். ஒவ்வொருவர் கேட்கும்போதும் அச்சுக் கோப்பதில்லையே!

கஷ்டமே இல்லையா? இருக்கிறது. கருத்துப் பெட்டி தானாகக் கூட வராது. பழைய கட்டுரைகளை மாற்றும்போது படங்கள் விட்டுப்போகலாம். முகவரி மாறினால் பழைய இணைப்புகள் அறுந்துபோகும். உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கத்தான் வேண்டும். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கவும் பழக வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டிப் பழகிய நமக்கு இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா?

பட்ட பாட்டுக்குப் பலன் உண்டு. இடம் தரும் கம்பெனி நாளைக்கே மூடினாலும் ஃபைல்கள் நம் கையில். வேறிடத்தில் ஏற்றினால் முடிந்தது வேலை. டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய உலகின் முதல் வலைத்தளமும் வெறும் எச்.டி.எம்.எல். பக்கங்கள்தான். 2013-இல் செர்ன் அதைப் பழைய முகவரியிலேயே மீண்டும் வைத்தது. புத்தம்புது பிரவுசரும் அதைத் தடையில்லாமல் திறக்கிறது. எளிமைக்கு ஆயுசு அதிகம்!

நண்பர்களே, டிப்ளமோ முடித்து ஆளுக்கொரு திசையில் போகப் போகிறோம். அதற்குள் ஒரு விடுமுறையில் இந்த வேலையை முடித்துவிடுங்கள். வைக்கும் இடம் இரவலாக இருக்கலாம். எழுத்து இரவலாகிவிடக் கூடாது!