எச்-டூ-ஓ என்று எழுதினால் போதுமா?



"தண்ணீரின் வாய்பாடு என்ன?" என்று கேட்டால் தூக்கத்தில்கூட எச்-டூ-ஓ என்று சொல்லிடுவோம். ஒரு மதிப்பெண் நிச்சயம்! ஆனால் கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்ததும் தென்பெண்ணையில் குவியல் குவியலா நுரை பொங்கியதைப் பல முறை பார்த்திருக்கோமே, அதுவும் எச்-டூ-ஓ தானா? பாடம் வேறு, ஆறு வேறு என்று நாம் படிப்பது தவறு என்பதே என் கருத்து.

முதலில் பெயரைப் பார்ப்போம். தமிழில் நீர், கன்னடத்தில் நீரு, தெலுங்கில் நீள்ளு. நம்ம ஓசூர் கடைவீதியில் மூன்றும் காதில் விழும். ஹைட்ரஜன் என்ற பெயருக்கும் கிரேக்க மொழியில் 'நீரை உண்டாக்குவது' என்றே பொருள். வேதியியல் முறைப்படி தண்ணீரை 'டைஹைட்ரஜன் மோனாக்சைடு' என்றும் சொல்லலாம். 1997-ல் அமெரிக்காவில் 14 வயது மாணவன் ஒருவன் இந்தப் பெயரைச் சொல்லி, "இதைத் தடை செய்யலாமா?" என்று கேட்டான். 50 பேரில் 43 பேர் "செய்யலாம்" என்றார்கள்! பெயரை மட்டும் வைத்து முடிவு செய்தால் இதுதான் கதி.

சரி, உள்ளே என்ன இருக்கு? நடுவில் ஓர் ஆக்சிஜன், அதனுடன் சகப்பிணைப்பால் சேர்ந்த இரண்டு ஹைட்ரஜன். மூன்றும் நேர்கோட்டில் நிற்பதில்லை. ஆக்சிஜனிடம் மிச்சமுள்ள இரண்டு தனி எலக்ட்ரான் இரட்டைகள் தள்ளுவதால், உண்டிவில் கவட்டை மாதிரி 104.5 டிகிரியில் வளைந்து நிற்கும். ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுப்பதால் அங்கே கொஞ்சம் எதிர்மின் தன்மை, ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் நேர்மின் தன்மை. அதனால் ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் அடுத்ததன் ஆக்சிஜனை ஈர்த்துக்கொள்ளும். இதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணீரைவிட எடை கூடிய ஹைட்ரஜன் சல்ஃபைடு மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடும். தண்ணீர் மட்டும் நம் குடத்தில் நிற்கக் காரணம் இந்தப் பிணைப்புதான்!

இந்தக் குணத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. இரண்டு மின் முனைகள் இருப்பதால், உப்பு மாதிரி மின்னூட்டம் உள்ள பலவற்றையும் தண்ணீர் சூழ்ந்து கரைத்துக்கொள்ளும். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பல இடங்களில் பாறையிலுள்ள ஃப்ளூரைடு நிலத்தடி நீரில் கரைந்தது அப்படித்தான். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. அதிகமானால் பல்லில் கறை, எலும்பில் பாதிப்பு. "காய்ச்சிக் குடிச்சா சரியாயிடும்" என்று வீட்டில் சொல்வார்கள். கிருமி சாகும், ஃப்ளூரைடு போகாது! தண்ணீர் ஆவியாவதால் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். 2013-ல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே வந்தது.

நுரையும் இப்படித்தான். சோப்புத்தூள் மூலக்கூறின் தலை தண்ணீரோடு ஒட்டும், வால் விலகும். அது மேற்பரப்பில் வரிசையாக நின்று தண்ணீரின் இழுவிசையைக் குறைத்துவிடும். மதகில் தண்ணீர் விழும்போது காற்று சிக்கினால் நுரை சீக்கிரம் உடையாது.

நந்தி மலையில் பிறக்கும் ஆற்றில் பெங்களூருக் கழிவு சேருது என்று நாம் திட்டுகிறோம். திட்டுவதில் நியாயம் உண்டு. ஆனால் நமக்கு மேலே பெங்களூரு என்றால், கிருஷ்ணகிரி அணைக்கு மேலே இருப்பது நாம்தானே! அதற்குக் கீழே சாத்தனூர், கடைசியில் கடலூர். நம்ம வீட்டுச் சோப்புத் தண்ணி, பட்டறை எண்ணெய், ஆலைக் கழிவு எல்லாம் எங்கே போகுது? தண்ணீருக்கு "வேண்டாம்" என்று சொல்லத் தெரியாது. அதன் அமைப்பு அப்படி. சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். நம் பள்ளிக் குடிநீர்க் குழாய் பக்கத்தில் ஒரு பலகை வைப்போம். ஃப்ளூரைடு எவ்வளவு, கரைந்த உப்பு எவ்வளவு, சோதித்த தேதி என்ன என்று எழுதுவோம். அறிவியல் ஆசிரியர்கள் வழிகாட்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாதிரி எடுத்து அனுப்பும் வேலையை மாணவர்கள் நாங்களே செய்கிறோம்.

வாய்பாடு பரீட்சைக்கு! பலகை நம் உடம்புக்கு!