இரவு பாராவுக்கும் ஒரு வரம்பு வேண்டும்



சிறைக்குள் கைதி ஒருவர் இரவில் உயிரை மாய்த்துக்கொண்டாலோ சுவரேறித் தப்பினாலோ, மறுநாள் வெளியாகும் செய்தி பெரும்பாலும் பணியில் இருந்த காவலர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார் என்ற வரியோடு முடிந்துவிடுகிறது. அந்தக் காவலர் எத்தனை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார், எத்தனை பேரைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார், வேலைக்குச் சேர்ந்து எத்தனை மாதம் ஆயிற்று என்பவற்றை யாரும் கேட்பதில்லை.

நம் சிறை நிர்வாகத்துக்கு அடித்தளமாக இருந்துவந்துள்ள 1894ஆம் ஆண்டின் சிறைகள் சட்டத்தைப் புரட்டினால் இந்த மௌனத்தின் வேர் தெரியும். அதன் 35ஆவது பிரிவு, அவசரத்தின்பொருட்டுக் கண்காணிப்பாளர் எழுத்து மூலம் அனுமதித்தாலன்றி, உழைப்புத் தண்டனை பெற்ற கைதியிடம் ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்கிறது. 54ஆவது பிரிவு, கடமை தவறும் சிறை ஊழியருக்கு 200 ரூபாய் வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழி செய்கிறது. கைதியின் வேலை நேரத்தை வரையறுத்து, காவலரின் தவறுக்குத் தண்டனையையும் குறித்த அதே சட்டம், காவலரின் வேலை நேரத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அயலார் ஆட்சியில் எழுதப்பட்ட சட்டம் அப்படி இருந்ததில் வியப்பில்லை. 130 ஆண்டுகள் கடந்தும் அந்த வெற்றிடம் நிரப்பப்படாதிருப்பதே கண்டனத்துக்குரியது.

தமிழகச் சிறைகளில் இந்த வெற்றிடத்தின் சுமை முழுவதும் இரண்டாம் நிலைச் சிறைக் காவலர் என்னும் கடைநிலைப் பணியாளரின் தோளில் இறங்குகிறது. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் காவல் துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் சேர்த்து நடத்தும் பொதுத் தேர்வில், பத்தாம் வகுப்புத் தேர்ச்சியைக் குறைந்தபட்சத் தகுதியாகக் கொண்டு, 18 வயது நிரம்பியவர் முதல் இதற்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். மாலையில் கைதிகளை எண்ணி அறைகளில் அடைப்பதற்கு லாக்-அப் என்று பெயர். அதன் பின் விடியற்காலையில் கதவு திறக்கும் வரை, பல அறைகள் கொண்ட தொகுதியான பிளாக்கின் தாழ்வாரத்தில் நடந்துகொண்டே காவல் காப்பது பாரா எனப்படும். நெஞ்சு வலிக்கிறது என்று ஓர் அறையிலிருந்து குரல் எழும்போது, அது மெய்யான வலியா, கதவைத் திறக்கவைக்கும் சூழ்ச்சியா என்பதை, தம் தந்தையின் வயதுள்ள கைதிகளுக்கு முன்னால், 20 வயது இளைஞர் ஒருவர் உடனே கணிக்க வேண்டியிருக்கிறது. உடலோ மனமோ நலிந்தவராகத் தோன்றும் கைதியைப் பற்றி, பொறுப்பில் உள்ள ஊழியர் தாமதமின்றி ஜெயிலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 37ஆவது பிரிவு. அவ்வாறு தோன்றுவதற்குக் காவலரின் கண் திறந்திருந்தால் மட்டும் போதாது, கவனமும் தெளிந்திருக்க வேண்டும். பின்னிரவு 2 மணிக்கும் 5 மணிக்கும் இடையே மனித உடலின் வெப்பமும் விழிப்பும் மிகவும் தாழ்ந்துவிடுகின்றன. எந்த ஒழுங்கு நடவடிக்கையாலும் மாற்ற முடியாத உடலியற்கை இது.

மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு மாதிரிச் சிறைக் கையேடு, 6 கைதிகளுக்கு ஒரு காவலர் என்ற விகிதத்தைப் பரிந்துரைக்கிறது. கேட்பதற்குத் தாராளமாகத் தோன்றும் இந்த விகிதத்தை, நாளுக்கு மூன்று ஷிப்ட் என்று பகுத்தால், ஒரு பணியிடம்கூடக் காலியாக இல்லாத சிறையிலும் ஒரு ஷிப்டில் 18 பேருக்கு ஒருவரே மிஞ்சுவார்; விடுப்பையும் பயிற்சியையும் கழித்தால் அதுவும் தேறாது. இந்தியச் சிறைகளிலோ, 2022ஆம் ஆண்டு இறுதியில் 4,36,266 பேருக்கான இடத்தில் 5,73,220 பேர் அடைபட்டிருந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் காட்டுகிறது. இருக்கும் காவலர்களும் காவல் வேலையில்தான் இருக்கிறார்களா என்ற ஐயம் வேறு. சிறைக் காவலர்கள் அதிகாரிகளின் வீட்டு வேலைக்கு அனுப்பப்படுவதாக எழுந்த புகாரை 2024ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றமே விசாரிக்க நேர்ந்தது. பகலில் ஒருவர் வீட்டுத் தோட்டத்துக்குத் திருப்பப்பட்டால், இரவில் ஒரு பிளாக் ஆளின்றி நிற்கும், அல்லது இன்னொரு இளைஞர் இரட்டை பாரா நிற்பார்.

இதைக் காவலர்களின் வசதி பற்றிய கோரிக்கை என்று மட்டும் ஒதுக்குவது பிழை. உச்ச நீதிமன்றம் நியமித்த நீதிபதி அமிதவ ராய் குழு, 2017 முதல் 2021 வரை இந்தியச் சிறைகளில் நேர்ந்த 817 இயற்கைக்கு மாறான மரணங்களில் 660 தற்கொலைகள் என்று கண்டறிந்தது. அவற்றுள் சிலவேனும், களைப்பற்ற ஒருவர் அந்தத் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தால் தடுக்கப்பட்டிருக்கும் என்று எண்ணும்போது மனம் ஆறுவதில்லை. கண்காணிப்புக் கேமராக்கள் வந்துவிட்டனவே என்பார் உண்டு. ஆனால் திரையில் தெரிவதைப் பார்க்கவும், பார்த்தபின் ஓடிச் சென்று காப்பாற்றவும் விழித்திருக்கும் ஆள்தான் வேண்டும்.

இதற்காக டெல்லியை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. சிறைகள் அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் உள்ளவை. சிறைகள் சட்டத்தின் 59ஆவது பிரிவும் விதி வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கே தருகிறது. இரவுப் பணி 8 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும், தாண்ட நேரிட்டால் கைதிக்குச் செய்வதுபோலவே கண்காணிப்பாளர் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்றும், முதல் ஆண்டுக் காவலரைத் தனியாக இரவு பாராவில் நிறுத்தக் கூடாது என்றும் தமிழக அரசு விதியில் சேர்க்க வேண்டும். இரவு மரணமோ தப்பலோ நிகழும்போது, காவலரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்யும் ஆணையில் கையெழுத்திடுவதற்கு முன், அந்த வாரம் முழுவதும் அவர் எத்தனை பாரா நின்றார் என்ற பணிப் பதிவேட்டை விசாரணை அதிகாரி கேட்டு வாங்கிப் படிப்பதும் அவ்விதியின் பகுதியாக வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை.