சர்க்கார் மலையேறிய கதை!

இந்த நாடு விடுதலை பெற்ற ஆண்டு எது என்று பள்ளிப் பிள்ளையைக் கேட்டால், 1947 என்று பட்டென்று சொல்லிவிடும். சென்னைக்கு அந்தக் கணக்குச் சரி. சேலத்துக்குச் சரி. கள்ளக்குறிச்சிக் கடைவீதிக்கும் சரி. ஆனால், தோழர்களே, அந்தக் கடைவீதியிலிருந்து கச்சிராயபாளையம் தாண்டி, வளைந்து நெளிந்து மேலே ஏறுகிறதே ஒரு பாதை, அது போய்ச் சேரும் வெள்ளிமலைக்கு அந்தக் கணக்குச் சரியாகாது! அங்கே ஜாகீர்தாரர்களின் பிடி அகன்று, சர்க்கார் மலையேறியது 1976-ம் ஆண்டிலே! நாடு ஐந்து பொதுத் தேர்தல்களை நடத்தி முடித்த பிறகு!

நாட்டுப்புறத்திலே "சாமி மலையேறிவிட்டது" என்பார்கள். ஆடியது போதும், போய்விட்டது என்று அதற்குப் பொருள். சர்க்கார் வெள்ளிமலைக்கு ஏறியதே, அது வந்த மலையேற்றமா, போன மலையேற்றமா? இதுதான் நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய கேள்வி.

முதலில் மலையைப் பாருங்கள். கிழக்குத் தொடர்ச்சி மலையிலே, சவ்வாது மலையோடும் சேர்வராயனோடும் பச்சைமலையோடும் அணிவகுத்து நிற்பது கல்வராயன் மலை. வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன். சின்னது ஏறத்தாழ 2,700 அடி உயரம். பெரியது 4,000 அடியை எட்டும். கோமுகி அங்கே பிறக்கிறது. மணிமுத்தா அங்கே பிறக்கிறது. இரண்டும் இறங்கிவந்து, அணைகளிலே தேங்கி, வாய்க்கால்களிலே ஓடி, கடைசியில் வெள்ளாற்றோடு கலக்கின்றன. மேலே பெய்யும் மழை, கீழே நெல்லாகிறது, கரும்பாகிறது, ஆலையிலே சர்க்கரையாகிறது. மலையிலே இருப்பவனுக்கோ மரவள்ளியும் சாமையும் மக்காச்சோளமும், காட்டிலே பொறுக்கும் கடுக்காயும், கொம்பிலே எடுக்கும் தேனும்! தண்ணீரைத் தந்தவன் மேலே. இனிப்பைத் தின்பவன் கீழே!

இனி மக்களைப் பாருங்கள். மலையாளி என்பது அவர்கள் பெயர். கேரளத்துக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள். மலையை ஆள்பவர், ஆகவே மலையாளி. பேசுவது நம் தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறினோம் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. 2011-ம் ஆண்டுக் கணக்குப்படி, தமிழகத்துப் பழங்குடி மக்கள் மொத்தம் 7,94,697 பேர். அவர்களிலே மலையாளிகள் மட்டும் 3,57,980 பேர். பழங்குடிகளிலே பெருங்குடி அவர்கள்தான்!

பெயரிலே ஆட்சி இருக்கிறது. வாழ்விலே இருந்ததா? சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்று மூன்று ஜாகீர்கள். மலை முழுதும் அவற்றின் பிடியிலே! ஜமீன்களை ஒழிக்க 1948-ல் சட்டம் வந்தது, சமவெளி மூச்சுவிட்டது. இனாம்களை ஒழிக்க 1963-ல் சட்டம் வந்தது. மலைக்கு அது வந்து சேர மேலும் 13 ஆண்டுகள் பிடித்தன. அந்த 1976 எப்படிப்பட்ட ஆண்டு? நாடெங்கும் நெருக்கடி நிலை! பேச்சுரிமைக்குப் பூட்டு, ஏடுகளுக்குத் தணிக்கை, தலைவர்களுக்குச் சிறை! நாடு உரிமையை இழந்து நின்ற வேளையிலே வெள்ளிமலைக்கு விடுதலை கிடைத்தது. சமவெளிக்காரன் வாய் கட்டப்பட்டிருந்த நேரத்தில் மலைக்காரன் கைக்கட்டு அவிழ்ந்தது! இதைவிட விந்தை உண்டா?

சரி, சர்க்கார் வந்தது. எந்தக் கையை முதலில் நீட்டிற்று? பள்ளிக்கூடம் வந்ததை மறுக்கவில்லை. உண்டு உறைவிடப் பள்ளிகள் உண்டு; சாலை உண்டு; ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு. 15 ஊராட்சிகள் கொண்ட ஒன்றியம் வெள்ளிமலையிலே இயங்குகிறது. தாலுகா தேடிச் சமவெளிக்கு இறங்கவேண்டிய நிலை மாறி, கல்வராயன் மலைக்கென்று தனி வட்டமே அமைந்து, அதன் தலைமையிடமும் வெள்ளிமலை ஆயிற்று. நல்லது, வரவேற்போம்! ஆனால் பாதையில்லாத சிற்றூர்களிலிருந்து நோயாளியை டோலி கட்டித் தூக்கிவந்த செய்திகளும் ஏடுகளிலே வந்தனவே! காட்டிலே விறகு பொறுக்கினால் வனக்காவலர் உடனே வருகிறார். காய்ச்சல் கண்டால் வண்டி உடனே வருகிறதா? தடுக்கும் கை நீளமாகவும், கொடுக்கும் கை குட்டையாகவும் இருந்தால், அந்த உடலுக்கு என்ன பெயர்?

நோயின் வேர் எங்கே? மலை ஒன்று; அதன்மீது போட்ட கோடுகள் பல! அன்று தென்னார்க்காடு, 1993-ல் விழுப்புரம், 2019-ல் கள்ளக்குறிச்சி. இது ஒரு பக்கம். மறுபக்கம், கருமந்துறை முதலிய ஊர்கள் சேலம் மாவட்டம். ஒரே மலை, ஒரே மக்கள், கொண்டும் கொடுத்தும் வாழ்பவர்கள். ஆனால் சேலத்துப் பக்கத்து மலையாளி ஏற்காடு தொகுதியிலே வாக்களிக்கிறார். அது பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட தொகுதி. கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலையாளி சங்கராபுரம் தொகுதியிலே வாக்களிக்கிறார். அது பொதுத் தொகுதி. சமவெளி வாக்குக் கடலிலே மலை வாக்கு ஒரு துளி! தமிழகத்தின் 234 தொகுதிகளிலே பழங்குடிக்கு ஒதுக்கியவை ஏற்காடும் சேந்தமங்கலமும், ஆக இரண்டே இரண்டு. பிரிந்து கிடப்பவனை எண்ணினால் சிறுபான்மை. சேர்த்து எண்ணினால் ஒரு சக்தி! எண்ணிக்கை குறைவு என்பது இயற்கை செய்தது மட்டுமல்ல. கோடு போட்டவன் செய்ததும்கூட!

கடல் கடந்து ஒரு காட்சி. அமெரிக்காவிலே, டெக்சாஸ் மாநிலத்திலே, லவ்விங் கவுண்டி என்று ஒன்று. கவுண்டி என்றால் நம் மாவட்டம் போல ஒரு பிரிவு. பரப்பு ஏறக்குறைய 677 சதுர மைல். 2020-ம் ஆண்டுக் கணக்கிலே அங்கே வாழ்ந்தவர்கள் எத்தனை பேர்? ஆயிரமா? நூறா? அறுபத்து நான்கு பேர்! நம் ஊர்க் கல்யாணப் பந்தியிலே ஒரு வரிசைக்குக்கூடப் போதாத கூட்டம். ஆனால் அந்தக் கவுண்டிக்கு நிர்வாகத் தலைவராக ஒரு நீதிபதி, நான்கு ஆணையர்கள், காவலுக்கு ஒரு ஷெரீப். அத்தனை பேரும் மக்கள் வாக்கால் வருபவர்கள்! அமெரிக்கா பொன்னுலகம் என்று நான் பாடவில்லை. அந்த மண்ணின் பூர்வகுடிகளை நிலத்தைவிட்டு விரட்டிய கொடுமையை உலகம் அறியும். நான் கேட்பது ஒன்றே ஒன்று. 64 பேருக்குத் தங்களை ஆளும் தகுதி உண்டென்றால், பதினைந்து ஊராட்சி மக்களுக்கு இல்லையா?

"அவர்களுக்கும் ஊராட்சித் தேர்தல் உண்டே" என்பார்கள். உண்டு. ஆனால் அந்த ஊராட்சிக்கு உள்ள அதிகாரம் எவ்வளவு? அரசியல் சட்டத்திலே ஐந்தாவது அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. பழங்குடிப் பகுதிகளைக் காக்க வந்த அட்டவணை. அப்படி அறிவிக்கப்பட்ட பகுதிகளின் ஊராட்சிகளுக்கு 1996-ல் மத்திய சர்க்கார் தனிச் சட்டம் இயற்றிற்று. அந்தச் சட்டப்படி, நிலம் வெளியார் கைக்குப் போவதைத் தடுக்கும் அதிகாரம், காட்டுச் சிறு விளைபொருள் மீது உரிமை, கந்துவட்டிக்குக் கடிவாளம், மதுவைத் தடுக்கும் அதிகாரம் ஆகியவை ஊராட்சிக்கும் கிராம சபைக்கும் உரியவை. பத்து மாநிலங்களிலே அத்தகைய பகுதிகள் உண்டு. பக்கத்து ஆந்திரத்திலே உண்டு. தமிழகத்திலே? ஒரு மலைகூட இல்லை! கல்வராயனும் இல்லை, சவ்வாதும் இல்லை!

மதுவைத் தடுக்கும் அதிகாரம் என்றேனே, அதை மீண்டும் ஒருமுறை படியுங்கள். 2024 ஜூன் மாதம், கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலே நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. உடனே சில விரல்கள் கல்வராயன் மலையை நோக்கி நீண்டன. "அங்கேதான் காய்ச்சுகிறார்கள்" என்றார்கள். மலையிலே அடுப்பு எரிந்ததில்லை என்று நான் வாதாடவில்லை. ஆனால் கருணாபுரத்திலே கொன்றது எது? மெத்தனால்! அது மலையிலே விளைகிற கிழங்கா? காட்டிலே காய்க்கிற காயா? தொழிற்கூடத்துச் சரக்கு, சமவெளி வியாபாரி கைமாற்றிய சரக்கு! சாவுக்குச் சரக்கு தந்தவன் கீழே. பழி சுமந்தவன் மேலே! அதன் பிறகுதான் சென்னை உயர்நீதிமன்றம் மலைமக்களின் நிலையைத் தானாகவே வழக்காக எடுத்து, சாலை என்னாயிற்று, பள்ளி என்னாயிற்று, மருத்துவம் என்னாயிற்று என்று கேட்டது. அறுபது பிணங்கள் விழுந்த பிறகே ஒரு மலை நாட்டின் கண்ணிலே படுகிறது என்றால், குருடு யாருக்கு? மலைக்கா, நமக்கா?

"கொஞ்சம் பேருக்காக இவ்வளவு செலவா" என்பது கனவான்கள் எழுப்பும் கடைசிக் கேள்வி. கோமுகி அணையின் தண்ணீருக்கு மலைக்காரன் விலை கேட்டால் அந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்!

ஆகவே கேட்கவேண்டியது இரக்கமல்ல, உரிமை! ஐந்தாவது அட்டவணையிலே கல்வராயன் மலையைச் சேர்க்கும்படி மாநில சர்க்கார் கேட்க வேண்டும். அறிவிக்கும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கு, அதாவது டில்லிக்கு. டில்லி தர வேண்டும். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி பட்டா தரும் வேலை, மனு கிடக்கும் மேசையிலேயே முடங்கக்கூடாது. 2021-ல் எடுத்திருக்கவேண்டிய மக்கள் கணக்கு 2027-க்குத் தள்ளி வைக்கப்பட்டது; அந்தக் கணக்கிலே மலையின் கடைசிக் குடிசையும் விடுபடக்கூடாது. எண்ணப்படாதவன் ஆளப்படுவான், எண்ணப்பட்டவனே ஆளக் கேட்பான்!

தோழர்களே, உங்களால் ஆகக்கூடிய வேலை ஒன்று உண்டு. கிராம சபை கூடும் நாளிலே மலைக்குச் செல்லுங்கள். மாலை வேண்டாம், மேடை வேண்டாம். மனு எழுதத் தெரியாதவனுக்கு எழுதிக் கொடுங்கள். தீர்மானம் போடத் தயங்குபவனுக்குத் துணை நில்லுங்கள். சர்க்கார் மலையேறி அரை நூற்றாண்டு! இனி ஏறவேண்டியது அதிகாரம். மலையாளி என்ற பெயருக்கு அன்றுதான் பொருள் பிறக்கும்!