தாய்மார்களே, வலியை மறைக்காதீர்கள்!

தலை வலிக்கிறதா? ஒரு மாத்திரை. அடிவயிறு வலிக்கிறதா? ஒரு டம்ளர் சுக்குக் கஷாயம். இடையில் ரத்தம் படுகிறதா? வாயே திறப்பதில்லை!

நம் வீடுகளில் இதுதான் வழக்கம். விடிந்தால் அடுப்பு வேலை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவேண்டும். தன் உடம்பைப் பற்றிச் சொல்லப் பெண்களுக்கு நேரம் ஏது? வெட்கம் வேறு தடுக்கிறது.

இந்த மூன்றுக்கும் எப்போதும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் எது இயல்பு, எது ஆபத்து என்று தெரிந்துகொள்வது அவசியம்.

எது இயல்பு?

மாதவிலக்கு 21 நாள் முதல் 35 நாளுக்குள் வருவது இயல்பு. அது நெருங்கும்போது உடம்பில் "ஈஸ்ட்ரோஜன்" என்ற சுரப்பு நீர் குறைகிறது. அதனால் சிலருக்குத் தலைவலி வருகிறது. வேளைக்குச் சாப்பிடுங்கள். நன்றாகத் தூங்குங்கள். தினமும் வலி மாத்திரை போடாதீர்கள். அதுவே தலைவலியை உண்டாக்கிவிடும்!

மாதவிலக்கின்போது கர்ப்பப்பை சுருங்குகிறது. அதனால் முதல் இரண்டு நாள் அடிவயிறு வலிக்கலாம். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் குறையும்.

ஆனால் பெண் பள்ளிக்கூடம் போகமுடியாமல் சுருண்டு படுக்கிறாளா? "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று சொல்லாதீர்கள். அந்த வலிக்குக் காரணம் உண்டு. சிகிச்சையும் உண்டு.

இடையில் ரத்தம் படுவதற்குக் கர்ப்பப்பைக் கட்டி, கிருமித் தொற்று, தைராய்டு கோளாறு எனப் பல காரணங்கள் உண்டு. புதிதாகக் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் முதல் சில மாதம் அப்படிப் படலாம். எதனால் என்பதை டாக்டர்தான் சோதித்துச் சொல்லவேண்டும்.

எது ஆபத்து?

நாள் தள்ளிப்போயிருக்கிறது. அடிவயிற்றில் ஒரு பக்கம் கடுமையாக வலிக்கிறது. ரத்தமும் படுகிறது. அப்படியானால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள்! கரு கர்ப்பப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருக்கலாம். குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

இதுவரை இல்லாத தலைவலி திடீரென்று வந்தாலும், கை கால் மரத்துப் பேச்சுக் குழறினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கர்ப்பிணிக்குக் கடுமையான தலைவலி வந்து கண் மங்கினாலும் அப்படியே.

மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆனபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். "திரும்பவும் வந்துவிட்டது" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது சாதாரணக் காரணமாகவே இருக்கும். ஆனால் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். தாம்பத்திய உறவுக்குப்பின் ரத்தம் பட்டாலும் காட்டவேண்டும்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம். தமிழ்நாட்டில் 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்தச் சோதனையை இலவசமாகவே செய்கிறார்கள்.

காலண்டரில் குறியுங்கள்

டாக்டரிடம் போனால் முதலில் அவர் தேதியைத்தான் கேட்பார். பலருக்கு ஞாபகம் இருப்பதில்லை.

இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. மாதவிலக்கு நாட்களில் காலண்டரில் வட்டம் போடுங்கள். இடையில் ரத்தம் பட்டால் ஒரு புள்ளி. தலையோ வயிறோ வலித்தால் ஒரு கோடு. எழுத்துத் தெரியாதவர்களும் இதைச் செய்யலாம். இரண்டு மூன்று மாதத்துக் குறிப்பைக் காட்டினால் டாக்டருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். ஆனால் மேலே சொன்ன ஆபத்துகளுக்கு மாதக் கணக்கில் காத்திருக்கக்கூடாது.

குடும்பத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவியோ மகளோ வலி என்று சொன்னால், "எல்லாப் பெண்களுக்கும் வருவதுதானே" என்று தட்டிக் கழிக்காதீர்கள். கூடவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பால் கணக்கைக் காலண்டரில் தவறாமல் எழுதுகிறோம். வீட்டுப் பெண்களின் உடம்புக் கணக்கும் அதில் ஏறட்டும்!