முதல் மழையே எமனாகும் ஏரிகள்

2024 ஏப்ரல் மாதம் பெங்களூரு நகரில் மழையே பதிவாகவில்லை. 1983க்குப் பிறகு அப்படியொரு ஏப்ரலை அந்நகரம் கண்டதில்லை. அதற்கு முந்தைய ஆண்டின் பருவமழை பொய்த்ததால், கர்நாடகத்தின் 236 வட்டங்களில் 223 வறட்சிப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டிருந்தன. நகரின் 14,000 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டதாக முதலமைச்சர் சித்தராமையாவே கூறினார். பொம்மனஹள்ளியின் தொழிலாளர் குடியிருப்புகளில் டேங்கர் லாரிகளுக்காகக் குடங்கள் காத்துக் கிடந்தன. பேசப்பட்டதெல்லாம் குழாய் நீரைப் பற்றியே. ஏரிகளில் வலை வீசிப் பிழைப்போரின் கோடையைப் பற்றிப் பேச்சே எழவில்லை. தகவல் தொழில்நுட்பத் தலைநகரில் மீனவர்களா என்று வியப்போரும் இருக்கிறார்கள்!

பெங்களூருவின் பல ஏரிகள் மீன்பிடிக் குத்தகைக்கு விடப்படுகின்றன. கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் விடப்பட்டு, வளர்ந்த பின் பிடிக்கப்படுகின்றன. கோடையில் நீர் சுருங்கும்போது மீன்கள் ஒரு மூலையில் நெருக்கியடிக்கும். சில நாள் வலை நிறையும். பிறகு வெறும் சேறுதான். ஆகவே வலைஞர்கள் மழைக்கு ஏங்குவது இயல்பு. ஆனால் நகர ஏரிகளில் அவர்கள் அதிகம் அஞ்சுவதும் அதே மழைக்குத்தான்.

இதில் புதிர் ஏதுமில்லை. வெப்பம் கூடக் கூட நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது. கழிவுநீரில் கொழுக்கும் பாசி இரவில் எஞ்சியதையும் உறிஞ்சிக்கொள்கிறது. இந்நிலையில் பெய்யும் முதல் கனமழை, ராஜகாலுவே எனப்படும் வடிகால்களில் மாதக்கணக்கில் தேங்கிய சாக்கடைச் சேற்றை ஒரே மூச்சில் ஏரிக்குள் தள்ளுகிறது. விடியும்போது கரையெங்கும் செத்த மீன்கள் வெள்ளையாக மிதக்கின்றன. மழைக்கும் காத்திராமல், 2016 மார்ச் மாதக் கொளுத்தும் வெயிலிலேயே அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் மாண்டன. கெண்டையினம் அழியும் நீரில், காற்றைச் சுவாசிக்கவல்ல ஆப்பிரிக்கக் கெளுத்தி பிழைத்துக்கொள்கிறது. அதை வளர்ப்பதோ நாட்டில் தடை செய்யப்பட்ட ஒன்று.

இதை இயற்கையின் சீற்றம் என்று ஆட்சியாளர்கள் கைகழுவ முடியாது. பொம்மனஹள்ளி நகரசபை 2007இல் பெருநகர மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. அடுக்குமாடிகள் விரைந்து எழும்பின; காவிரிக் குழாயும் பாதாளச் சாக்கடையும் ஆமை வேகத்தில் பின்தொடர்ந்தன. மனை வணிகத்தின் லாபம் சிலருக்குப் போனது, அதன் கழிவு ஏரிக்கு வந்தது. பெல்லந்தூர், அகரா, வர்த்தூர் ஏரிகளின் சீரழிவுக்காக 2018 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநில அரசுக்கு 50 கோடி, மாநகராட்சிக்கு 25 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பாஜக ஆண்டாலும் காங்கிரஸ் ஆண்டாலும் சாக்கடை தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. அது தென்பெண்ணை வழியே எல்லை தாண்டி, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குகிறது. அங்குள்ள விவசாயிகளும் அதே நீரை நம்பியே இருக்கிறார்கள்.

மீன் செத்தால் இழப்பு யாருக்கு? குத்தகைதாரருக்கு முதல் போகிறது. பிடித்த மீனின் அளவுக்குக் கூலி பெறும் தொழிலாளியின் பெயரோ குத்தகைப் பத்திரத்திலேயே இல்லை. எனவே அவர் எதை இழந்தார் என்று எந்த அலுவலகமும் கேட்பதில்லை. கடலில் மீன்பிடித் தடைக்காலத்திற்குத் தமிழக அரசு குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அதுவே போதாது என்பது வேறு விஷயம். ஏரி வற்றும் மாதங்களுக்கு அத்தகைய நிவாரணம் நகர ஏரித் தொழிலாளர்களுக்கும் வேண்டும். வறட்சியாண்டில் குத்தகைத் தொகை தள்ளுபடியாக வேண்டும். குத்தகையில் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமை வேண்டும்.

2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம், வறண்ட ஏரிகளைச் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரால் நிரப்பப்போவதாக அறிவித்தது. நிலத்தடி நீருக்கு அது உதவலாம். ஆனால் எந்த அளவுக்குச் சுத்திகரித்த நீர்? அதில் ஆக்சிஜன் எவ்வளவு, அம்மோனியா எவ்வளவு என்பதை ஒவ்வொரு ஏரிக்கரையிலும் கன்னடத்திலும் தமிழிலும் பலகையில் எழுதி வைக்கட்டும். வலையை இறக்குவதா வேண்டாமா என்பதை அதைப் படித்துவிட்டு அந்தத் தொழிலாளர்களே முடிவு செய்துகொள்வார்கள்.